14 புது ஷோல எதைப் பாக்கறது, எதை விடறதுன்னு முடிவு பண்ண நான் போட்ட ஷீட்

புது ஷோ வரிசையா வந்த போன சீசன்ல ஒரு ஷோவை பிடிக்காமலேயே கடைசி வரைக்கும் பாத்தேன். எட்டு எபிசோட், ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், மூணாவது எபிசோட்லயே மனசு விட்டுப்போச்சு, ஆனாலும் இவ்ளோ தூரம் வந்தாச்சே முடிவு என்னன்னு பாத்துடலாம்னு உக்காந்து முடிச்சேன். அதே நேரத்துல வந்த இன்னொரு ஷோவை தம்பி பாரு பாருன்னு சொல்லிட்டே இருந்தான், அதை நான் ஆரம்பிக்கவே இல்ல, ஆரம்பிக்கறதுக்குள்ள கடைசில யார் சாகறாங்கன்னு ஆஃபீஸ்ல ஒருத்தர் பேச்சுவாக்குல சொல்லிட்டார். எனக்கு அது நிஜமாவே வருத்தமா இருந்துச்சு. நல்ல கதை ஒண்ணை முதல் தடவை தெரியாம பாக்கற சந்தோஷம் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும், அது போச்சுன்னா போச்சுதான்.

அதனால இந்த சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இதை ஒரு ரிப்பேர் வேலையா எடுத்துக்கிட்டேன். எது வேலை செய்யல, ஏன் செய்யல, எதை மாத்தினேன்னு வாராவாரம் எழுதி வெச்சது இது. அதே பிரச்சனை இருக்கறவங்களுக்கு உதவும்னு நினைக்கிறேன்.

முதல்ல நேரக் கணக்கு. வார நாள்ல தினம் 45 நிமிஷம், சனி ஞாயிறு சேத்து 2 மணி நேரம், இதுக்கு மேல என்னால உண்மையா முடியாது. வாரத்துக்கு 5 மணி 45 நிமிஷம், இந்த சீசனோட 12 வாரத்துக்கு 69 மணி நேரம். புதுசா வர்றதுல எனக்கு ஆசை இருந்த ஷோ 14. எபிசோட் எண்ணிக்கையை நீளத்தால பெருக்கி ஒவ்வொண்ணா போட்டுக் கூட்டினா 96 மணி நேரம் வந்துச்சு. அப்போ 27 மணி நேரத்துக்கு இடமே இல்ல. இந்த கணக்கைப் போடாத வரைக்கும் எல்லாத்தையும் எப்படியாவது பாத்துடலாம்னுதான் தோணிட்டு இருந்துச்சு, நம்பரைப் பாத்த உடனேதான் எதையாவது விட்டே ஆகணும்னு மனசு ஒத்துக்கிச்சு. எட்டு எபிசோட், ஐம்பது நிமிஷம்னா 6 மணி 40 நிமிஷம், அதாவது எனக்கு ஒரு வாரத்துக்கும் மேல. இதை ஒவ்வொரு ஷோ பக்கத்துலயும் எழுதி வெச்சேன்.

ஷீட்ல நான் வெச்ச காலம் (column): ஷோ பேரு, எத்தனை எபிசோட், ஒண்ணு எவ்ளோ நிமிஷம், மொத்தமா விடறாங்களா வாராவாரமா, யார் எழுதறாங்க, அப்புறம் கடைசியா "இது ஏன் என் லிஸ்ட்ல வந்துச்சு". இந்த கடைசி காலத்தை சும்மா ஒரு ஞாபகத்துக்குத்தான் சேத்தேன், கடைசில ரொம்ப வேலை செஞ்சது அதுதான், அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல் முயற்சி, மார்க்கை வெச்சு முடிவு பண்றது. ராட்டன் டொமேட்டோஸ், மெட்டாக்ரிட்டிக், ஐஎம்டிபின்னு படத்துக்கும் ஷோவுக்கும் மார்க் காட்டற மூணு சைட்லயும் இருக்கற நம்பரை எடுத்து ஷீட்ல போட்டு சராசரி எடுத்து மேலிருந்து கீழ அடுக்கினேன். பாக்க அழகா இருந்துச்சு. ஆனா ரெண்டு நாள் கழிச்சு இந்த நம்பர் எல்லாம் எப்படி வருதுன்னு உக்காந்து படிச்சப்போதான் மூணையும் கூட்டி சராசரி எடுக்கறதே தப்புன்னு புரிஞ்சுது. ராட்டன் டொமேட்டோஸ்ல வர்ற சதவீதம் ஷோவுக்குக் கிடைச்ச மார்க் இல்ல, நல்லா இருக்குன்னு சொன்ன விமர்சகர்கள் எத்தனை பேர்ங்கறதுதான். பத்து பேரு "பரவால்ல, ஒரு தடவை பாக்கலாம்"னு பத்துக்கு ஆறு குடுத்தா அது நூறு சதவீதமா வந்து நிக்கும். ஆறு பேர் உயிரா நேசிச்சு நாலு பேருக்குப் பிடிக்காத ஷோ 60-ல நிக்கும், நல்லா இருக்குன்னு அந்த சைட் குத்தற "ஃப்ரெஷ்" முத்திரைக்கு எல்லைக்கோடே அதுதான். எனக்கு அந்த ரெண்டாவது வகை ஷோதான் பெரும்பாலும் பிடிக்குது. மெட்டாக்ரிட்டிக் ஒவ்வொரு விமர்சனத்தையும் நூத்துக்கு இத்தனைன்னு மாத்தி சில விமர்சகர்களுக்குக் கூடுதல் எடை குடுத்து சராசரி எடுக்குது, அது வேற கணக்கு. ஐஎம்டிபில இருக்கறது நம்மள மாதிரி பாக்கறவங்க போட்ட ஓட்டு. மூணும் மூணு வேற கேள்விக்கான பதில். இன்னொண்ணு, சீரியலுக்கு விமர்சகர்களுக்கு முன்கூட்டியே குடுக்கறது பல நேரம் முதல் சில எபிசோட் மட்டும்தான், அதனால ரிலீஸ் அன்னிக்கு இருக்கற மார்க் அந்த முதல் சிலதுக்கான மார்க், முழு சீசனுக்கு இல்ல.

டாப் டென் லிஸ்ட்டையும் பாத்தேன். நெட்ஃப்ளிக்ஸ் 2020 வாக்குல ஒருத்தர் ரெண்டு நிமிஷம் பாத்தாலே பாத்ததா கணக்கு வெச்சாங்க, 2023 ஜூன்ல இருந்து எல்லாரும் சேந்து பாத்த மொத்த மணி நேரத்தை அந்த ஷோவோட மொத்த நீளத்தால வகுத்து வர்றதைத்தான் வியூன்னு சொல்றாங்க. இது முன்னதை விட நேர்மையான கணக்குதான், நான் ஒத்துக்கறேன். ஆனா எவ்ளோ பேர் பாத்தாங்கங்கறதுக்கும் எனக்கு அது ஒத்துவருமாங்கறதுக்கும் சம்பந்தம் கம்மி. அந்த காலத்தையே ஷீட்ல இருந்து எடுத்துட்டேன்.

ரெண்டாவது முயற்சி, முதல் எபிசோட் பாத்து மார்க் போடறது. முதல் வாரத்துல நாலு ஷோவோட முதல் எபிசோட் பாத்தேன். ஒரு உளவாளி த்ரில்லர், ஒரு ஆஸ்பத்திரி டிராமா, ஒரு துறைமுகத்துல வேலை பாக்கற அக்கா தங்கச்சி கதை, ஒரு ஆஃபீஸ் காமெடி. மூணு ஐம்பது நிமிஷம், காமெடி 22 நிமிஷம், மொத்தம் 172 நிமிஷம், என்னோட ஒரு வாரக் கணக்குல சரியா பாதி அதுலயே போச்சு. மார்க் இப்படி வந்துச்சு: உளவாளி 9, ஆஸ்பத்திரி 8, துறைமுகம் 5, காமெடி 4. இப்ப பத்தாவது வாரத்துல இருந்து திரும்பிப் பாத்தா இந்த வரிசை கிட்டத்தட்ட தலைகீழ்.

ஏன் இப்படி ஆகுதுன்னு யோசிச்சப்போ பைலட்னா என்னன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். பைலட்ங்கறது டிவி உலகத்துல ஒரு சாம்பிள் பீஸ், பல ஷோவுக்கு அதுதான் முதல் எபிசோடா வரும். சேனல்காரங்ககிட்ட காட்டி ஆர்டர் வாங்கறதுக்காக எடுக்கறது. மீதி எபிசோடுக்கு மாசக்கணக்குல முன்னாடியே எடுப்பாங்க, அதுக்குன்னு பெரிய டைரக்டரை கூப்பிடுவாங்க, அவர் அதை முடிச்சுட்டு பல நேரம் போயிடுவார், காசும் கூடுதலா செலவு பண்ணுவாங்க. அதனால பைலட் நல்லா இருந்தா அந்த டீம் ஒரு நல்ல பைலட் எடுத்தாங்கன்னு தெரியுது, பதினைஞ்சாவது எபிசோட் எப்படி இருக்கும்னு தெரியாது. மறுபக்கமும் உண்மைதான். ஸ்டார் ட்ரெக்குக்கு 1964 கடைசில எடுத்த முதல் பைலட்டை என்பிசி சேனல் வேண்டாம்னு சொல்லிட்டு ரெண்டாவது பைலட் எடுக்கச் சொன்னாங்க. கேம் ஆஃப் த்ரோன்ஸுக்கு 2009-ல எடுத்த பைலட்டைப் பெரும்பாலும் தூக்கிப் போட்டுட்டு, சில நடிகர்களையும் மாத்தி, திரும்ப எடுத்துதான் 2011 ஏப்ரல்ல வந்துச்சு. சைன்ஃபெல்ட்ங்கற காமெடிக்கு 1989-ல பைலட் போட்டுக் காட்டினப்போ டெஸ்ட் ஆடியன்ஸ் ரிப்போர்ட் ரொம்ப சுமார், அதுக்கப்புறம் நாலே நாலு எபிசோட் ஆர்டர் பண்ணினாங்க, ஆனா ஷோ ஒன்பது சீசன் ஓடுச்சு. இவ்ளோ பெரிய ஷோக்களுக்கே முதல் பீஸ் சரியா வரலைன்னா நான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போடற மார்க்குக்கு என்ன மதிப்பு இருக்கும்.

எனக்கு ரொம்ப உதவின உதாரணம் தி ஆஃபீஸ், ஒரு பிரிட்டிஷ் காமெடியை அமெரிக்காவுல திரும்ப எடுத்தது. அதோட முதல் எபிசோட் பிரிட்டிஷ் ஒரிஜினலோட முதல் எபிசோட் ஸ்கிரிப்டை கிட்டத்தட்ட அப்படியே எடுத்து வெச்சது. ரெண்டாவது எபிசோட்தான் இவங்களே புதுசா எழுதினது. அதுல இருந்துதான் இந்த டீமுக்குச் சொந்தமா என்ன வரும்னு தெரிய ஆரம்பிக்குது. முதல் எபிசோடை மட்டும் வெச்சு முடிவு பண்ணினவங்க அந்த டீமைப் பாக்கவே இல்ல, வேற டீமோட எழுத்தைப் பாத்திருக்காங்க.

அதனால மூணாவது முயற்சிக்கு நான் வெச்ச ஒரே அடிப்படை, ஷோவை முதல் எபிசோடால எடை போடக்கூடாது, அதோட சாதாரண எபிசோடால எடை போடணும். திறப்பு விழா இல்லாத, பெரிய சாவு இல்லாத, நடுவுல வர்ற ஒரு எபிசோட். அங்க சரக்கு இருந்தா சீசன் முழுக்க இருக்கும்.

ஆனா எது சாதாரண எபிசோட்ங்கறது ஷோவுக்கு ஷோ மாறுது, இங்கதான் எனக்கு ரெண்டு வாரம் பிடிச்சுது. ஒவ்வொரு எபிசோட்லயும் ஒரு கேஸ் ஆரம்பிச்சு முடியற வகை இருக்கே, போலீஸ், ஆஸ்பத்திரி, வக்கீல், அதுக்கெல்லாம் முதல் எபிசோட் பாக்காமலேயே நாலாவதைப் பாத்தாலும் புரியும், அப்படித்தான் எடுத்திருப்பாங்க. பெரும்பாலும் நாலாவதுக்கு வரும்போது ஷோவை உருவாக்கினவர் இல்லாம ரைட்டர்ஸ் ரூம்ல, அதாவது சேந்து எழுதற டீம்ல, இருக்கற வேற யாராவது எழுதியிருப்பாங்க, ஆரம்பத்துல வர்ற பேரைப் பாருங்க, வேற பேர் இருந்தும் எபிசோட் நல்லா இருந்தா அந்த ரூம் பலமா இருக்குன்னு அர்த்தம். தொடர்கதையா போற டிராமாவுக்கு முதலும் ரெண்டும். ஒரே கதையை ஆறு எட்டு எபிசோட்ல முடிக்கற லிமிடெட் சீரிஸ் தனி ஜாதி, அது மொத்தமா எழுதி மொத்தமா எடுக்கறது, அங்க முதல் எபிசோட் சாம்பிள் பீஸ் இல்ல, நிஜமாவே முதல் அத்தியாயம், அது தொங்கறது நடுவுலதான், அஞ்சு ஆறுல. அதுக்கு நான் கேக்கற கேள்வி ஒண்ணுதான், இது ரெண்டு மணி நேரத்துல சொல்ல முடிஞ்ச கதையை எட்டு மணி நேரத்துக்கு இழுத்ததான்னு. காமெடிக்குத்தான் நான் நிறைய கயிறு விடறேன், நாலு எபிசோட், ஏன்னா நடிகர்கள் ஒருத்தருக்கொருத்தர் பழகி, எழுதறவங்களுக்கு யார் வாயில எந்த வசனம் நிக்கும்னு தெரிய கொஞ்சம் நாளாகும். அதுல நேரமும் நஷ்டம் இல்ல, நாலு 22 நிமிஷம் 88 நிமிஷம், ரெண்டு டிராமா எபிசோட் பாக்கற நேரத்தை விட கம்மிதான்.

இப்ப கணக்கு இடிச்சுது. 14-லயும் இந்த டெஸ்ட் பண்ணினா காமெடி மூணுக்கு 264 நிமிஷம், மீதி 11-க்கு ஆளுக்கு 100 நிமிஷம்னு 1100, மொத்தம் 1364, கிட்டத்தட்ட 23 மணி நேரம். என் 69 மணி நேரத்துல மூணுல ஒரு பங்கு ருசி பாக்கறதுக்கே போயிடும். அப்போதான் அந்த "ஏன் லிஸ்ட்ல வந்துச்சு" காலத்தைத் திரும்பப் படிச்சேன். அஞ்சு ஷோவுக்கு நேரா "எங்க பாத்தாலும் இதான்", "ப்ரோமோ"ன்னு மட்டும் எழுதியிருந்தேன். ஒரு மனுஷரும் சொல்லல, எழுதறவரோட முந்தின வேலை எதுவும் எனக்குப் பிடிச்சதில்ல, கதைக்களத்துல எனக்கு ஆர்வமும் இல்ல, விளம்பரம் கண்ல பட்டுட்டே இருந்ததால மட்டும் ஆசை வந்திருக்கு. அந்த அஞ்சையும் பாக்காமலேயே எடுத்துட்டேன். மிச்சம் மூணு காமெடி, ஆறு டிராமா, 864 நிமிஷம், 14 மணி 24 நிமிஷம். இது தாங்கும்.

அப்புறம் பாத்து முடிச்ச உடனே மார்க் போடறதை நிறுத்தினேன். எபிசோட் கடைசில ஒரு திருப்பம் வெச்சு முடிப்பாங்க, அந்தச் சூட்டுல போடற மார்க் அந்த கடைசி ரெண்டு நிமிஷத்துக்கான மார்க். பதிலா ரெண்டு நாள் கழிச்சு, எதையும் பாக்காம, ஒரு நோட்டுல மூணு கதாபாத்திரத்தோட பேரும் அவங்களுக்கு என்ன வேணும்ங்கறதும் எழுதணும்னு வெச்சேன். ஆஸ்பத்திரி டிராமாவுக்கு நான் எட்டு மார்க் போட்டிருந்தேன்ல, செவ்வாய்க்கிழமை ராத்திரி நோட்டைத் திறந்து உக்காந்தா "கோவக்கார டாக்டர்", "புதுசா சேந்த பொண்ணு", "நர்ஸ்"னு மூணு வரி வந்துச்சு. அவங்களுக்கு என்ன வேணும்னு எழுத வேண்டிய இடத்துல பேனாவை வெச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். ஒண்ணும் வரல. ஆபரேஷன் சீன் நல்லா இருந்துச்சு, ரத்தம், மானிட்டர் சத்தம் எல்லாம் ஞாபகம் இருக்கு, ஆனா மனுஷங்க யாரும் மனசுல தங்கல. அஞ்சு மார்க் போட்ட துறைமுகக் கதைக்கு பேர் உட்பட எழுதினேன், பெரியவளுக்கு வீட்டை வித்துட்டு கிளம்பணும், சின்னவளுக்கு அக்கா கிளம்பக்கூடாது ஆனா அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டா, அவங்க சூப்பர்வைசருக்கு தான் பண்ணின ஒரு கையெழுத்து வெளிய வரக்கூடாது. எழுதி முடிச்சப்போ அடுத்த எபிசோட் பாக்கணும்னு தானா தோணுச்சு.

இதைத் தம்பியோட சேந்துதான் பாத்தேன், அவனுக்கு அது பிடிக்கல.

"அக்கா, இது நகரவே மாட்டேங்குது. அவ கப்பலையே பாத்துட்டு நிக்கறா."

"நகருது டா. நீ அவ என்ன பண்றான்னு பாக்கற, அவளுக்கு என்ன ஆகுதுன்னு பாரு."

"உளவாளிய போடு, அது எவ்ளோ ஸ்பீடு."

சரி, யார் சொல்றது சரின்னு அளந்தே பாத்துடலாம்னு ரெண்டு பேரும் ஒரு பேப்பரை எடுத்துக்கிட்டோம். ஒவ்வொரு சீன் முடிஞ்சதும் ஒரு கோடு. அந்த சீன் ஆரம்பிச்சப்போ இருந்த நிலைமைல எதாவது மாறியிருந்தா, யாருக்காவது ஒரு விஷயம் தெரிய வந்திருந்தா, யாராவது ஒரு முடிவு எடுத்திருந்தா, ரெண்டு பேருக்கு நடுவுல உறவு கொஞ்சம் நகந்திருந்தா, அந்தக் கோட்டு மேல ஒரு டிக். உளவாளி ஷோவோட மூணாவது எபிசோட்ல 31 சீன் வந்துச்சு, டிக் எட்டு. ஓடறாங்க, சுடறாங்க, கார் கவிழுது, வேற ஊருக்குப் போறாங்க, ஆனா ஒவ்வொரு சீனும் முடியும்போது எல்லாரும் ஆரம்பிச்ச இடத்துலயே நிக்கறாங்க. துறைமுகத்தோட ரெண்டாவது எபிசோட்ல 17 சீன்தான், டிக் 13. அதுல ஒரு சீன், அக்காவும் தங்கச்சியும் பேசாம பாத்திரம் துடைக்கறாங்க, ஒரு நிமிஷத்துக்கு மேல வசனமே இல்ல, தங்கச்சி துடைச்சு வெச்ச டம்ளரை அக்கா திரும்ப எடுத்துத் துடைக்கறா, தங்கச்சி அதைப் பாத்துட்டு துணியைக் கீழ வெச்சுட்டு போறா. தம்பியே பென்சிலை எடுத்து டிக் போட்டான். "இப்ப அவளுக்குப் புரிஞ்சிடுச்சு, அக்கா கிளம்பப் போறான்னு"ன்னு சொன்னான். அதுக்கப்புறம் அவன் அதை விடல, என்னை விட்டுட்டு தனியா பாத்துடக்கூடாதுன்னு நான்தான் சொல்ல வேண்டி வந்துச்சு.

மெதுவா போறது வேற, ஒண்ணுமே இல்லாம இழுக்கறது வேற, இந்த வித்தியாசத்தை நாம வாயால சண்டை போட்டுட்டே இருப்போம், பேப்பர்ல கோடு போட்டப்போ ஒரு எபிசோட்லயே தெளிவாயிடுச்சு. எல்லா ஷோவுக்கும் இதைப் பண்ணாதீங்க, பாக்கற சுகமே போயிடும், நான் முடிவு எடுக்க முடியாம தவிச்ச ரெண்டு மூணுக்கு மட்டும்தான் பண்ணினேன்.

ஆட்டோபிளேயை ரெண்டாவது வாரமே ஆஃப் பண்ணிட்டேன். நெட்ஃப்ளிக்ஸ் ப்ரொஃபைல் செட்டிங்ஸ்ல போனா அடுத்த எபிசோட் தானா ஓடறதுக்கு ஒண்ணு, லிஸ்ட்ல மேயும்போது ப்ரிவ்யூ ஓடறதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு தனி ஸ்விட்ச் இருக்கு, ரெண்டையும் ஆஃப் பண்ணணும். ஆஃப் பண்ணினதுக்கு அப்புறம் எபிசோட் முடிஞ்சா ஸ்கிரீன் அப்படியே நிக்கும், அந்த அமைதில அடுத்தது வேணுமா வேணாமான்னு எனக்கே நல்லா தெரிஞ்சுது.

வேற பாஷை ஷோவுக்கு டப்பிங் வெச்சுப் பாத்து முடிவு பண்ணாதீங்கன்னு அழுத்திச் சொல்லுவேன். ஒரு ஷோவை டப்பிங்ல பாத்துட்டு நடிப்பு செயற்கையா இருக்குன்னு எழுதி வெச்சேன், அப்புறம் அதே எபிசோட் ஒரிஜினல் ஆடியோ, சப்டைட்டிலோட பாத்தா அந்த நடிகை முணுமுணுன்னு பேசறாங்க, டப்பிங் குரல் அதே வசனத்தைக் கூட்டத்துல பேசற மாதிரி பேசியிருக்கு. டெஸ்ட் பண்ற ரெண்டு எபிசோடாவது ஒரிஜினல்ல பாருங்க, சேத்துக்கிட்ட அப்புறம் உங்க வசதி.

விடறதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்த பகுதி. உளவாளியை மூணு எபிசோட் பாத்தாச்சு, 150 நிமிஷம் போட்டாச்சு, விட மனசே வரல. இதைப் பத்தி ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர்னு ரெண்டு பேர் 1985-ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்காங்க, எனக்கு அது ரொம்ப பொருத்தமா பட்டுச்சு, ஏன்னா அதுவும் ஒரு சீசன் பத்தினதுதான். ஒஹையோ யுனிவர்சிட்டி தியேட்டர்ல நாடக சீசன் டிக்கெட் வாங்க வந்தவங்கள்ல சிலருக்கு முழு விலை 15 டாலருக்கே குடுத்தாங்க, சிலருக்கு 2 டாலர் தள்ளுபடி, சிலருக்கு 7 டாலர் தள்ளுபடி, யாருக்கு எதுன்னு குருட்டாம்போக்குல. எல்லாருக்கும் அதே நாடகம்தான். ஆனா சீசனோட முதல் பாதில முழு விலை குடுத்தவங்கதான் அதிக நாடகத்துக்கு வந்தாங்க. நாடகம் எப்படி இருக்குங்கறது மாறல, குடுத்த காசுதான் அவங்களை இழுத்துட்டு வந்திருக்கு. என்னோட 150 நிமிஷமும் அப்படித்தான் என்னைப் பிடிச்சு இழுத்துட்டு இருந்துச்சு. அந்த நேரம் எப்படியும் திரும்ப வராது, நான் கேக்க வேண்டியது இதை இன்னிக்கு ராத்திரி புதுசா ஆரம்பிப்பேனான்னு மட்டும்தான். மாட்டேன்னு பதில் வந்துச்சு. நாலாவது எபிசோட் நடுவுல, பதினேழாவது நிமிஷத்துல நிறுத்தினேன். எபிசோட் முடியட்டும்னு காத்திருக்கணும்னு ஒண்ணும் இல்ல. விட்ட ஷோக்களோட முடிவு என்னன்னு தெரியணும்னு உறுத்திச்சுன்னா சீசன் முடிஞ்ச அப்புறம் கதைச் சுருக்கம் படிச்சுக்கலாம், அஞ்சு நிமிஷ வேலை.

இப்ப என் தப்பு. நாலாவது வாரம் முடிஞ்சப்போ ஒன்பதுல நாலு பாக்கலாம்னும், ஒண்ணு சீசன் முழுசா வந்ததும் பாக்கலாம்னும், நாலு வேண்டாம்னும் முடிவு பண்ணியிருந்தேன். அந்த வேண்டாம்ல ஒரு கோர்ட் கதை, வேற பாஷை, சப்டைட்டில், ஒரே எபிசோட்ல பத்துப் பன்னெண்டு பேர் வருவாங்க. நோட்டு டெஸ்ட்ல ஒரு பேர் கூட எனக்கு எழுத வரல, அதனால விட்டேன். ஏழாவது வாரம் என் ஃப்ரெண்ட் ஒருத்தி, போன ரெண்டு சீசன்லயும் அவ சொன்னது எனக்கு ஒண்ணு விடாம பிடிச்சிருக்கு, அவ போன் பண்ணி "நீ இதை விட்டியா, எப்படி விட்ட"ன்னு கேட்டா. பழைய நோட்டைத் திரும்பப் பாத்தேன். பேர் இல்லையே தவிர "பையனோட சாட்சியை மறைக்கப் பாக்கற அப்பா", "தன் பழைய தீர்ப்பு தப்புன்னு பயப்படற ஜட்ஜ்"னு எழுதியிருக்கேன். அவங்களுக்கு என்ன வேணும்ங்கறது தெளிவா என் கையெழுத்துலயே இருக்கு. பழகாத பாஷைப் பேர் ஞாபகத்துல நிக்கலங்கறதுக்காக அந்த ஷோவைத் தள்ளியிருக்கேன், ஆஸ்பத்திரி ஷோல என்னால எழுத முடியாம போனது பேர் மட்டும் இல்ல, அவங்களுக்கு என்ன வேணும்ங்கறதும்தான். ரெண்டும் வேற வேற குறை, நான் ஒண்ணா சேத்துட்டேன்.

அதனால ரூலை மாத்தினேன். பேர் தேவையில்ல, என்ன வேணும்ங்கறது மட்டும் போதும். கூடவே ஷீட்ல ரெண்டு காலம் சேத்தேன். ஒண்ணு, விட்டா ஏன் விட்டேன்னு ஒரே வரி. இன்னொண்ணு, யார் திரும்பச் சொன்னாங்க. என் ரசனையோட ஒத்துப்போறவங்கன்னு ஏற்கனவே தெரிஞ்ச மூணு பேர்ல ஒருத்தர் சொன்னா மட்டும், ஒரு தடவை, இன்னும் ஒரு எபிசோட் பாக்கறது. எல்லாரும் சொல்றாங்கங்கறது ஷீட்ல அந்தக் கட்டத்துல வராது.

காமெடியையும் சொல்லிடறேன். நாலு மார்க் போட்டிருந்தேன்ல, மூணாவது எபிசோட் வரைக்கும் சுமார்தான், நாலாவதுல அந்த ரிசப்ஷனிஸ்டும் அக்கவுண்டன்ட்டும் லிஃப்ட்ல மாட்டிக்கறாங்க, அதுவரைக்கும் தனித்தனியா பேசிட்டு இருந்த ரெண்டு பேருக்கும் ஒரு தாளம் பிடிச்சுது, அடுத்த எபிசோட்ல இருந்து எழுதறவங்களே அவங்க ரெண்டு பேரையும் அடிக்கடி சேத்து வைக்க ஆரம்பிச்சுட்டாங்க. இப்ப அம்மாவும் சேந்து பாக்கறாங்க. மத்த ரெண்டு காமெடில ஒண்ணு நாலாவதுலயும் தேறல, இன்னொண்ணு ரெண்டாவதுலயே தேறிடுச்சு.

இன்னிக்கு நிலவரம், பத்தாவது வாரம். துறைமுகம் கடைசி எபிசோட் வெள்ளிக்கிழமை வருது, தம்பி அன்னிக்கு சீக்கிரம் வந்துடறேன்னு சொல்லியிருக்கான். கோர்ட் கதை மூணாவது எபிசோட் முடிச்சாச்சு, மீதி அஞ்சு, கிட்டத்தட்ட 4 மணி நேரம், என் கணக்குல மிச்சம் இருக்கறது 11 மணி 30 நிமிஷம், அதனால அது உள்ள அடங்கிடும். ஷீட்ல அதுக்கு நேரா "ஏன் விட்டேன்"ங்கற கட்டத்துல எழுதினதை அழிக்கல, கோடு மட்டும் போட்டு பக்கத்துல அவ பேரை எழுதி வெச்சிருக்கேன்.